அளக்காத பாதி

சேசு, மரி, சூசை துணை
ஆத்தூர்
6-2-1966

அன்புள்ள மாப்பிள்ளை மிக்கேல் அவர்களுக்கு,

சர்வேசுரன் அருளால் இங்கு எல்லோரும் சுகம். என் மூட்டுவலி பனிக்காலத்தோடு போய்விடும் என்று டாக்டர் சொன்னார், பனிதான் போயிருக்கிறது. தங்கை சகாயம்மாளுக்கு இருமல் நின்றதா என்று எழுதவும்.

சம்மனசூர் கோவிலை அளந்து வரைய உங்கள் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியின் மாணவர்கள் வந்து தங்கியிருந்த வாரத்தில், விடுப்புப் போட்டுவிட்டு இருமுறை கெங்கவல்லி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். என் வாழ்நாளெல்லாம் கணிதம் கற்பித்திருக்கிறேன். கணிதம் உடம்பெடுத்து நடமாடியதை அங்குதான் கண்டேன். ஒருவன் பீடத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்து வளைகூரையின் மையத்தைத் தேடுகிறான். தாவணி அணிந்த ஒரு பெண் மூங்கில் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து தூக்குக்குண்டை இறக்குகிறாள். குண்டின் அசைவு நிற்கும்வரை கீழே ஒருவரும் வாய் திறப்பதில்லை. நடுப்பூசை வேளையில்கூட அந்தக் கோவிலில் அவ்வளவு மௌனத்தை நான் அறிந்ததில்லை.

நாட்டாண்மை சின்னராஜ் உங்களுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, வாய்க்கு வாய் "புரபசர் ஐயா" என்றதையும் கண்டேன். நீங்களும் என்னைப் போல அதே ஊரின் கீழத்தெருவில் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரியாது. எட்டு வயதில் பெற்றோருடன் சென்னைக்குப் போன பிள்ளையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நீங்கள் சொல்லாததை நானும் சொல்லவில்லை.

உங்கள் அத்தை ஆரோக்கியம் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் அதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, "பெரிய வேலையில இருக்கிற புள்ள, நேரம் கெடச்சிருக்காது வாத்தியாரே" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

கோவிலுக்குள்ளே கீழத்தெருவாரைப் பிரித்து நிறுத்தும் சுவரை அகற்றக் கோரி மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாருக்கு மனு அனுப்பியிருக்கிறோம். எழுதியவன் நான். பூசை தமிழுக்கு வந்துவிட்டது. பீடத்தில் குருவானவர் மக்களை நோக்கித் திரும்பிவிட்டார். அந்தச் சுவர் ஒன்றுதான் இன்னும் எதையும் கேள்விப்படாமல் நிற்கிறது.

உங்கள் மைத்துனன்,
சின்னப்பராஜ்

---

சென்னை
20-3-1966

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். சகாயத்துக்கு இருமல் விட்டது. மூட்டுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்கிறாள்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளிக்குப் பத்தாண்டு நிறைகிறது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நேற்றுப் பழைய புகைப்படங்களைப் பரப்பி வைத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பொறியியல் கல்லூரியின் பின்புறம், கைவிட்ட தச்சுப் பட்டறையில் தொடங்கினோம். மரத்தூள் வாசனை போகவே ஒரு வருடம் ஆயிற்று. "கொத்தனார் வேலைக்கு ஐந்து வருடப் படிப்பா?" என்று மற்றத் துறையினர் சிரித்தார்கள். எங்கள் தலைவர் முதல் நாள் மாணவர்களைப் பட்டறைக்குள் விடவேயில்லை. வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி, "சாயங்காலம்வரை இந்த நிழல் எங்கெல்லாம் போகிறது என்று வரையுங்கள். நிழலை வரையத் தெரியாதவன் சுவரை எழுப்பக் கூடாது" என்றார். நானும் வாத்தியார் என்பதை மறந்து அவர்களோடு உட்கார்ந்து வரைந்தேன்.

பிறகு நகரமைப்புப் படிப்பு வந்தது. இன்று எங்களுக்கென்று தனிக் கட்டடம். வடக்கு வெளிச்சம் விழும்படி அமைத்த நீண்ட கூடம். அதில் மேசை மேசையாக முழு நகரங்கள் விரிந்து கிடக்கின்றன. ஒரு தெரு எங்கே முடியவேண்டும், யார் எங்கே குடியிருக்கவேண்டும் என்பதையெல்லாம் பென்சிலால் யோசிக்கிறார்கள். அந்தக் கூடத்துக்குள் நுழையும்போது இன்றும் என்னையறியாமல் செருப்பைக் கழற்றப் பார்க்கிறேன்.

சம்மனசூர்ப் படம் முடிந்துவிட்டது. பள்ளியின் இதுவரையான வேலைகளில் இதுவே சிறந்தது என்று தலைவர் வாயிற்கூடத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மிக்கேல்

---

ஆத்தூர்
17-4-1966

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். வேப்பெண்ணெய் தடவுகிறேன், வீடெல்லாம் நாறுகிறது, முழங்கால் மாறவில்லை.

பள்ளியின் வரலாற்றைப் படித்து வியந்தேன். தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பெரிய கல்விச்சாலை எழுந்திருக்கிறது. அதை எழுப்பிய கைகளில் ஒன்று நம் வீட்டுக் கை. இதைப் பெருமை என்று சொல்லாவிட்டால் பெருமை என்ற சொல்லுக்கு வேறு வேலையில்லை. ஒரு திருத்தம் மட்டும்: யார் எங்கே குடியிருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் கலை சம்மனசூரில் உங்கள் படிப்புக்கு மிக முன்பே தேர்ச்சி பெற்றுவிட்டது.

அத்தை ஆரோக்கியத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி தேடினேன்.

படத்தின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா?

சின்னப்பராஜ்

---

சென்னை
24-7-1966

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சை, பிறகு புதிய மாணவர் சேர்க்கை. எல்லோரும் நலம். படத்தின் பிரதியைத் தனியே சுருளாக அனுப்பியுள்ளேன். நகலெடுக்கும் முறையால் அம்மோனியா வாசனை இருக்கும். ஒருநாள் காற்றாட வையுங்கள். விருந்தோம்பலுக்கு நன்றியாகப் பங்குக் கோவிலுக்கும் பள்ளி ஒரு பிரதி அனுப்பியிருக்கிறது.

மிக்கேல்

---

ஆத்தூர்
14-8-1966

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

படத்தைக் கூடத்துச் சுவரில் அறைந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வளைகூரையின் விலா எலும்புகள், பீடத்தின் மேல் அதிதூதர் நிற்கும் மாடம், தென்புற ஜன்னல்களின் வழியே தரையில் சாயும் காலை வெளிச்சம் ஆகிய அனைத்தும் மயிரிழைக் கோடுகளால். எங்கோ பிரான்சிலிருந்து வந்த ஒரு குருவானவர் இந்தப் புழுதிச் சமவெளியில் கண்ட கனவை நான் முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். கண் கலங்கிற்று. அந்தக் கூரைக்குக் கீழே எனக்கும் சர்வேசுரன் பெரியவராகவே தெரிந்தார் என்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

பிறகு வடபுறம் பார்த்தேன்.

உங்கள் படத்தில் வடபுறமும் தென்புறமும் கண்ணாடியும் முகமும் போல இருக்கின்றன. அதே உயரம், அதே ஜன்னல்கள், அதே வெளிச்சம். நானும் என் தந்தையும் உங்கள் தந்தையும் முழங்காலிட்ட வடபுறத்தில் கூரை தாழ்வானது. ஜன்னல் என்று ஒன்று இல்லை. உள்ளே வர வேறு வாசல். தூண்களுக்கு நடுவே நம்மை நடுக்கூடத்திலிருந்து தடுக்கும் செங்கல் சுவர்: நின்றால் இடுப்புக்குச் சற்று மேலே வரும், முழங்காலிட்டால் பீடம் மறைந்துவிடும். எவ்வளவு உயரம் வைத்தால் போதும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

படத்தில் அது இல்லை. நாங்கள் நின்ற இடமே இல்லை. எங்களுக்கு ஒருபோதும் கிடைக்காத ஆறு ஜன்னல்கள் இருக்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிவிக்கவும்.

சின்னப்பராஜ்

---

சென்னை
11-9-1966

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. கட்டடம் இருபுறமும் ஒத்தது என்று கண்டால் நடுக்கோடு ஒன்றைப் போட்டு, ஒரு பாதியை மட்டும் அளப்போம். அதை வரைந்த பின் டிரேசிங் தாளைப் புரட்டிப் போட்டால் மறுபாதி தானே வந்துவிடும். நாள் மிச்சம், உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். சம்மனசூரில் வடபுற வாசல் பூட்டியிருந்தது. "அந்தப் பக்கமும் இதே மாதிரிதானுங்க" என்று நாட்டாண்மை சொல்லியிருக்கிறார். சுவரும் தாழ்ந்த கூரையும் பிற்காலத்தில் செய்த மாற்றங்கள், மூலக் கட்டடத்தைச் சேர்ந்தவையல்ல என்று மாணவர்கள் எண்ணியிருக்கிறார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவ்வாறு வரைந்திருக்கிறார்கள்.

வரலாற்று நூல் வேலை முக்கால் பங்கு முடிந்தது. இந்தப் படம்தான் அதன் முகப்பில் வருகிறது.

மிக்கேல்

---

ஆத்தூர்
20-11-1966

திரு. மிக்கேல் அவர்களுக்கு,

நலம்.

எங்கள் மனுவுக்கு மேற்றிராணியார் இல்லத்திலிருந்து பதில் வந்துவிட்டது. செயலாளர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பல்கலைக்கழகம் அளந்து வரைந்த படத்தைப் பங்குக் கோவில் நிர்வாகத்தார் சமர்ப்பித்துள்ளனர். அதில் மனுவில் குறிப்பிட்டுள்ள சுவர் எதுவும் காணப்படவில்லை. எனவே மனுதாரர்கள் பங்கின் ஒற்றுமையைக் குலைக்கும் செயல்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தினமும் நாங்கள் மோதி நிற்கும் சுவர் தாளில் இல்லாததால் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. இத்தனை காலம் நாட்டாண்மைகளால் செய்ய முடியாததை உங்கள் பள்ளி ஒரு தாளைப் புரட்டிப் போட்டுச் செய்து முடித்திருக்கிறது. கலையின் ஆற்றல் கண்டு வாயடைத்துப் போனேன். இதை ஏளனமாகச் சொல்லவில்லை.

மாணவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. அவரை எனக்குத் தெரியும். என் தங்கையை அவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

கோவிலின் வடபுறத்தை அளந்து படத்தைத் திருத்துங்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

சின்னப்பராஜ்

---

ஆத்தூர்
15-1-1967

திரு. மிக்கேல் அவர்களுக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துக்கூட வரவில்லை. சகாயம்மாள் சுகமா?

சின்னப்பராஜ்

---

சென்னை
26-2-1967

மச்சான் அவர்களுக்கு,

சகாயம் சுகம். தேர்தல் கலகலப்பு அடங்கியதும், மார்ச் முதல் வாரத்தில் மாணவர்களுடன் வருகிறேன். கோவில் முழுவதும் அளக்கப்படும். முறைப்படி பங்குக் குருவுக்கும் நிர்வாகத்துக்கும் எழுதி அனுமதி பெற்றாயிற்று.

மிக்கேல்

---

ஆத்தூர்
12-3-1967

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா?

அன்று உங்களிடம் பேச வாய்க்கவில்லை, கண்டதை எழுதுகிறேன். முறைப்படி அனுமதி கேட்டீர்கள்; அவர்களும் முறைப்படி தயாரானார்கள். நீங்கள் வருவதற்கு முந்தின நாளே சுவரை இடித்து அள்ளிவிட்டார்கள். தூண்களில் புதுச் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை.

"வாங்க புரபசர் ஐயா! போன தடவ பாதிய வுட்டுட்டுப் போயிட்டீங்களாமே, வாத்தியாரு மனசு கெட்டுப் போச்சாம்" என்றார் சின்னராஜ்.

"இங்கே ஒரு சுவர் இருந்ததே?" என்று கேட்டீர்கள்.

"செவுரா? என்னா செவுரு? இங்க எல்லாரும் ஒரே மந்தைதானுங்க."

"ஒரே மந்தைதான்" என்று பின்னாலிருந்து ஆரோக்கியம் சொன்னார். "நேத்து மூணு வண்டி காரையும் செங்கல்லும் போச்சே, அது எந்த மந்தைக்குத் தீனி, நாட்டாமெ?"

சாரத்தின் மேலிருந்த பெண் சிரித்துவிட்டாள். சின்னராஜ் சிரிக்கவில்லை. நீங்கள் யாரையும் பாராமல் தரையில் மண்டியிட்டு, புதுக் காரையை ஆணியால் சுரண்டினீர்கள். கீழே பழைய செங்கல் வரிசை வெளிப்பட்டது. நீங்கள் சுரண்டச் சுரண்ட அது தூணிலிருந்து தூணுக்கு நீண்டுகொண்டே போயிற்று. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து உங்களருகில் மண்டியிட்டார்கள். பட்டணத்துப் பிள்ளைகள், அந்தப் பக்கத்தில் வெளியார் யாரும் தாமாக முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். சுவர் போய்விட்டது, அது இருந்ததேயில்லை என்கிறார்கள். இல்லாத சுவருக்காக யாரும் எங்களிடம் தலைகுனிய வேண்டியதில்லை. தரையில் அகலம் கிடைக்கும், நீளம் கிடைக்கும். உயரம் கிடைக்காது. "படி ஒசரத்துக்குக் கல்லு வச்சிருந்தோம்" என்பார்கள் நாளை.

மாலையில் கீழத்தெரு முனைவரை வந்தீர்கள். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினீர்கள். அதையும் கண்டேன்.

சின்னப்பராஜ்

---

சென்னை
16-7-1967

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சகாயம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் சுகம். அவர் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

போன வாரம் பள்ளியின் பத்தாண்டுக் கண்காட்சி. என்னையும் கூட்டிப் போனார். அந்த இடத்தை நீங்கள் பார்க்கவேண்டும் அண்ணா. சுவரெல்லாம் கோவில்களும் ஊர்களும் கோடாக நிற்கின்றன. சத்தம் போட்டுப் பேசவே கூச்சமாக இருக்கிறது. நம் கோவில் படம் வாசலுக்கு நேரே இருந்தது. புதிய படம். வடக்குப் பக்கம் இருட்டாக, கூரை தாழ்ந்து, நாம் நின்ற மாதிரியே. சுவர் இருந்த இடத்தில் விட்டுவிட்டு ஒரு கோடு. இப்போது இல்லாததை அப்படித்தான் வரைவார்களாம். பக்கத்தில் உயரம் எழுதியிருந்தது.

வெளியூர்ப் பேராசிரியர்கள் நிறையப் பேர் சுற்றி நின்றார்கள். அப்போது அவர்கள் தலைவர், "மிக்கேல், சுவரே இல்லையே, உயரம் மட்டும் எங்கிருந்து வந்தது? கேள்விப்பட்டதை நாம் வரைவதில்லை" என்றார்.

ஊர்க்காரர்கள் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம் அண்ணா. அதுவும் பொய்யில்லை.

அவர், "கேள்விப்படவில்லை சார், நான் அந்தப் பக்கத்தில் நின்றவன்" என்றார். "ஏழு வயதில், முதல் நன்மை வாங்கிய வருஷம் சுவர் என் கண்மட்டத்துக்கு இருந்தது. விரலில் எக்கினால் பீடத்து மெழுகுவத்திச் சுடர் தெரியும். கால் கடுத்துக் குதிகாலை ஊன்றினால் செங்கல்தான் தெரியும்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கூட வேலை செய்கிற ஒருவர் மெதுவாக நகர்ந்து போய்விட்டார். தலைவர் மட்டும், "அப்போது உங்கள் கண்மட்டம் எவ்வளவு? காட்டுங்கள்" என்றார். இவர் கையை நீட்டி, காற்றில் ஓர் இடத்தில் நிறுத்தினார். "டேப் கொண்டுவா" என்று தலைவர் ஒரு மாணவியைக் கூப்பிட்டார். சாரத்தில் ஏறின பெண்ணாம். அவள் இவர் உள்ளங்கைக்கு அடியிலிருந்து தரைவரை அளந்தாள். படத்தில் எழுதியதற்கும் அதற்கும் விரற்கடைதான் வித்தியாசம். அளந்து முடித்த பிறகும் இவர் கையை இறக்கவேயில்லை. நான்தான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

"அளவு எடுத்தவர் பெயரை எழுதுவது நம் முறை. எழுதுங்கள்" என்று தலைவர் சொன்னார். எழுதிவிட்டார்கள்.

பதினெட்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். அந்தச் சுவரைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அதே பக்கத்தில் நின்றவள்தானே.

அன்புத் தங்கை,
சகாயம்மாள்

---

ஆத்தூர்
24-9-1967

அன்புள்ள மாப்பிள்ளை மிக்கேல் அவர்களுக்கு,

நலம். நீங்களும் சகாயம்மாளும் சுகமாக இருக்க அதிதூதரை மன்றாடுகிறேன்.

படமும் நூலும் கிடைத்தன. உங்கள் பள்ளியின் வரலாற்றை ஒரே மூச்சில் படித்தேன். முதல் படத்தையும் திருத்திய படத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, "பத்தாண்டில் நாங்கள் செய்த பிழைகளுள் பெரியது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் பிழையைத் தன் முகப்பிலேயே மாட்டிக்கொள்ளும் ஒரு கல்விச்சாலையை நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் மேல் குறைகூறி எழுதி வைத்திருந்த நீண்ட கடிதம் ஒன்றைக் கிழித்துவிட்டேன்.

மேற்றிராணியார் இல்லத்துக்குப் புதிய படத்தைப் பழைய மனுவோடு சேர்த்து அனுப்பினேன். இம்முறை செயலாளர் எழுதவில்லை. மேற்றிராணியாரே நேரில் வந்தார். படத்தைக் கையில் விரித்துக்கொண்டு வடபுறத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு, படத்தில் கோடு இருந்த இடத்தில் முழங்காலிட்டார். சின்னராஜும் முழங்காலிட வேண்டியதாயிற்று. வடபுறச் சுவரில் ஜன்னல்கள் திறக்க உத்தரவாகியிருக்கிறது. அறுவடை முடிந்ததும் வேலை தொடங்கும்.

நேற்றுப் படத்தைக் கீழத்தெருவுக்கு எடுத்துப் போனேன். கயிற்றுக் கட்டிலில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தோம். தெருவே கூடிவிட்டது. ஒருவரும் தொடவில்லை. அத்தை ஆரோக்கியம் மட்டும் குனிந்து, "செவுரு எதுங்க வாத்தியாரே?" என்று கேட்டார். விட்டுவிட்டுப் போகும் அந்தக் கோட்டைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார்; ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தினார். ஒரு சாண்கூட இல்லை. மறுபடியும் முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதாவா இருந்திச்சு?" என்றார்.

என்றும் உங்கள்,
சின்னப்பராஜ்